மனசுக்கு மருந்தும் மணிக்குக் கணக்கும்

(ஆம்பூரில், தோல் தொழிலாளர்களும் சுற்றுவட்டக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு என்ன பேசப்போகிறோம் என்று நோட்டீசில் அச்சடித்திருந்தோம். "வேலைப் பளுவும் மனநல சிகிச்சையும்" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு டீக்கடையில் ஒரு தோழர் சிரித்தாராம். "போனஸ் பேசினார்கள், பஞ்சப்படி பேசினார்கள், இப்போது பைத்தியத்துக்கும் சங்கத்தில் கூட்டம் போட ஆரம்பித்துவிட்டார்களா?" என்று கேட்டாராம். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வந்ததற்கு நன்றி. அவர் மேல் நமக்குக் கோபம் கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னால் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவர்கள் தாங்கள் செய்த தவறை மேடையில் சொல்லக் கூச்சப்படக் கூடாது.

நம் சங்கத்தில் ஒரு தோழர். பேர் வேண்டாம். எந்தக் கம்பெனி என்பதும் வேண்டாம். தோல் பதனிடும் இடத்தில் டிரம் பக்கம் வேலை. பதினெட்டு வருஷ சர்வீஸ். சுண்ணாம்பு, சல்பைடு, குரோம் எல்லாம் பார்த்த கை. ஊர்வலம் என்றால் கொடியோடு முன்னால் நிற்பார். அவர் இருந்தால் கோஷத்துக்கு மைக் தேவையில்லை. அப்படிப்பட்டவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்ததும் சங்க ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். டீ வாங்கிக் கொடுத்தால் ஆறிப்போகும், குடிக்க மாட்டார். பூட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

"என்ன தோழர்?" என்று ஒருநாள் கேட்டோம். "தூக்கமே வரல. நெஞ்சு படபடன்னு அடிக்குது. எதுக்கு இருக்கோம்னு தோணுது" என்றார்.

நாங்கள் என்ன செய்தோம்? "இதெல்லாம் வசதி படைத்தவர்களுக்கு வருகிற வியாதி. உழைக்கிறவனுக்கு ஏது இதற்கு நேரம்? போராட்டத்தில் இறங்கினால் மனசு தானாகச் சரியாகும்" என்று சொல்லி, கையில் இருநூறு நோட்டீசைக் கொடுத்து அனுப்பினோம். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். மறுநாளிலிருந்து அவர் ஆபீசுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி வந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "அண்ணா, வீட்டில் என்கிட்டகூட அவர் வாயைத் திறக்கல. உங்ககிட்டதான் திறந்தார். நீங்க நோட்டீஸ் கொடுத்து அனுப்பிட்டீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மேனேஜர்களும் அதிகாரிகளும் எங்களைப் பார்த்து எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். எதுவும் இப்படித் தைத்ததில்லை.

தோழர்களே, "எதுக்கு இருக்கோம்" என்று ஒருவர் சொன்னால் அது வெறும் சலிப்பு இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டவுடன் அவரைத் தனியாக விடக் கூடாது. இது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். ஆகவே உங்களுக்குச் சொல்கிறோம்.

அந்தத் தாய் அவரை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது அவர்களுடைய சொந்த விஷயம். பக்கத்து வீட்டில், "பாகாயத்துக்கா?" என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார்களாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிக் கேலி செய்வதைப் போல, நம் பக்கத்தில் பாகாயம் என்று சொல்லிச் சிரிப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாமே சிரித்துமிருக்கிறோம். அந்தப் பாகாயம் என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் சிரிப்பு நின்றுவிடும்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்து மனநல ஆஸ்பத்திரிகள் எப்படி இருந்தன? பெரிய மதில், பெரிய கதவு. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் அதற்குப் பிறகு பார்க்கக்கூடப் போகாத குடும்பங்கள் எத்தனையோ. பாகாயத்தில் வேறு ஏற்பாடு செய்தார்கள். நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும். சமைக்கலாம், சாப்பிடலாம், பேசிக்கொண்டிருக்கலாம். என்ன வியாதி, எதனால் கூடுகிறது, வீட்டுக்குப் போன பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைக் கூட இருப்பவரும் கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்குவதற்கு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் கொடுத்தார். மேல்நாட்டில் இந்த வழக்கம் பரவுவதற்கு முன்னால் நம் நாட்டில் செய்துகாட்டிய காரியம் இது. நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததைப் பற்றி நாம் பெருமைப்பட்டிருக்க வேண்டும், கேலிக்குப் பயன்படுத்திக்கொண்டோம்.

ஒன்று மட்டும் உண்டு. கூட ஒருவர் தங்க வேண்டும் என்றால் கூலி போவது இரண்டு பேருக்கு. டாக்டர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது கூலியைப் பற்றிப் பேசவேண்டிய இடம் சங்கம். இதற்குப் பிறகு வருகிறோம்.

நம் தோழரை உள்ளே சேர்க்கவில்லை. கொஞ்ச நாளைக்கு மாத்திரை, வாரம் ஒரு நாள் கவுன்சலிங் என்றார்கள். கவுன்சலிங் என்றால் என்னவென்று பலருக்குச் சந்தேகம் இருக்கிறது. உபதேசம் செய்வார்கள், மந்திரம் போடுவார்கள் என்று நினைக்கிறோம். இரண்டும் இல்லை. முக்கால் மணி நேரம் உட்கார வைத்துக் கேட்கிறார்கள். ஆலோசகர் அதிகம் பேசுவதில்லை. இவர் பேசுகிறார். இடையிடையே கேள்வி வரும். முதல் கேள்வி என்ன தெரியுமா? "எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?" திரும்பி வந்த பிறகு அவர் எங்களிடம் சொன்னார்: "பதினெட்டு வருஷமா சங்கத்துல இருக்கேன் தோழர். எவ்வளவு சம்பளம்னு கேட்டிருக்கீங்க. எப்ப தூங்குறேன்னு யாரும் கேட்டதில்ல."

பிறகு ஆலோசகர் ஒரு தாளில் இருபத்துநாலு கட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரு கட்டம் ஒரு மணி நேரம். நேற்றைய நாளை நிரப்பு என்றார். நம் தோழர் நிரப்பினார். வேலை, ஓவர்டைமோடு சேர்த்து, பன்னிரண்டு கட்டம். போக வர இரண்டு. சங்க ஆபீஸ் பெஞ்சு இரண்டு. குளியலும் சாப்பாடும் ஒன்று. படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது மூன்று. தூக்கம் நாலு. கூட்டிப் பாருங்கள், இருபத்துநாலு வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான், தன் மகன் எந்த வகுப்பில் இருக்கிறான் என்று சட்டென்று தனக்குச் சொல்ல வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்ததாம்.

கூட வந்த மனைவியிடமும் ஒரு தாள் கொடுத்தார்கள். அவருடைய கணக்கைக் கேளுங்கள். காலை நாலு மணிக்கு எழுந்து தண்ணீர், சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, மூன்று கட்டம். கம்பெனி பஸ் போக வர இரண்டு. கம்பெனியில் பத்து. திரும்பி வந்து சமையல், துணி, பாத்திரம், பிள்ளைகளின் பாடம், மூன்று. புருஷனுக்காகக் காத்திருந்து சோறு போட ஒன்று. தூக்கம் ஐந்து. "இதில் உங்களுக்கென்று எது?" என்று ஆலோசகர் கேட்டிருக்கிறார். அந்த அம்மா ரொம்ப நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைச்சா அந்த ஒரு மணி" என்றாராம்.

சிகிச்சைக்குப் போனது புருஷன். கணக்கில் அதிகம் நொறுங்கியிருந்தது மனைவி. அவர் ஏன் விழவில்லை? விழுவதற்கு அவருக்கு நேரம் இல்லை. விழுந்தால் பிடிக்க ஆளும் இல்லை. நம் சங்கக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்று வருஷா வருஷம் அறிக்கையில் எழுதுகிறோம். அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் அவர்கள் வருவது?

அடுத்து அந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறோம். மனசு சோர்ந்தவன் முதலில் என்ன செய்கிறான்? பிடித்த காரியங்களை ஒவ்வொன்றாக விடுகிறான். நண்பனைப் பார்ப்பதில்லை, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போவதில்லை, பிள்ளையோடு விளையாடுவதில்லை. விட விட இன்னும் சோர்வு. சோரச் சோர இன்னும் விடுகிறான். சேற்றில் மாட்டின வண்டிச் சக்கரம் மாதிரி, சுற்றச் சுற்ற உள்ளே போகிறது. ஆலோசகர் அந்தச் சக்கரத்துக்கு அடியில் ஒரு சின்னக் கல்லை வைக்கிறார். இந்த வாரம் இரண்டு நாள், மகனோடு கால் மணி நேரம் நட, போதும். அடுத்த வாரம் இன்னொன்று. தூக்கம் வராமல் படுத்துக்கிடக்காதே, எழுந்து உட்கார், தூக்கம் வந்தபின் படு. கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் விக்ரம் பட்டேலும் அவருடைய கூட்டாளிகளும் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். ஆறிலிருந்து எட்டு முறை சந்திப்பு. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட, இவர்களில் கூடுதலானோர் தேறினார்கள் என்ற முடிவு 2017-இல் வெளியாயிற்று.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரேயில் இன்னும் எளிமையாகச் செய்தார்கள். டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவர் 2006-இல் பதினாலு பாட்டிமார்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்திருப்பார். மனக்கஷ்டம் உள்ளவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அது பிறகு முறையாகச் சோதிக்கப்பட்டு, பலன் உண்டு என்று 2016-இல் வெளிவந்தது. நம் சங்க ஆபீசிலும் ஒரு பெஞ்சு இருந்தது, தோழர்களே. அதில் ஒருவர் மாதக்கணக்காக வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காரத்தான் நமக்குத் தெரியவில்லை.

சிகிச்சையின் பெருமையை இவ்வளவு சொன்னோம். அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாலாவது வாரம் ஆலோசகர், "வாரத்தில் இரண்டு நாள் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்களேன்" என்றார். சரியான யோசனைதான். நம் தோழர் போய்ச் சொன்னார். சூப்பர்வைசர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். "இஷ்டமில்லேன்னா நாளைக்கும் வர வேண்டாம். வேற ஆளுங்க நிக்கிறாங்க." அடுத்த வாரம் இதைக் கேட்ட ஆலோசகர் பேசாமல் இருந்தாராம். அவர் என்ன செய்வார்? தாளில் கட்டத்தை மாற்றிப் போடச் சொல்ல அவரால் முடியும். கம்பெனி கேட்டில் நின்று மாற்ற அவரால் முடியாது. அது நம்முடைய வேலை.

இதை நாங்கள் ஏதோ கொள்கைக்காகச் சொல்லவில்லை. வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. டாக்டர்கள் பல வருஷம் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 1994 முதல் 1999 வரை, லட்சம் பேருக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 95 பேர் தற்கொலையில் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சர்க்கார் கணக்கு நாடு முழுவதற்கும் லட்சத்துக்குப் பதினொன்று என்ற அளவில்தான் இருந்தது. போலீஸ் பதிவேட்டில் வந்ததையும் கிராமத்தில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணியம்பாடி எது? நம் விவசாயத் தொழிலாளர்கள் வாழ்கிற பூமி.

அதே வட்டாரத்தில் அப்படிப் போன நூறு பேருடைய குடும்பங்களிடம் விவரம் கேட்டு ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அந்த நூறு பேரில் டாக்டர்கள் மனநோய் என்று பேர் சொல்லக் கூடியது 37 பேருக்கு இருந்தது. அதில் குடிக்கு அடிமையானவர்கள் 16. தீராத நெருக்கடியும் நாள்பட்ட உடல்வலியும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று கண்டார்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது? "பார்த்தீர்களா, எல்லாம் வறுமைதான், டாக்டர் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். அந்த 37 பேர் நம் மனிதர்கள் இல்லையா? அவர்களுக்கு மருந்தும் ஆலோசனையும் கிடைத்திருக்க வேண்டாமா? சம்பளம் கூடினாலும், சமுதாயமே மாறினாலும், சில மனநோய்கள் வரத்தான் செய்யும். சர்க்கரை வியாதி வருவதில்லையா, அது போல. மறுபுறம், மீதி 63 பேருக்கு மாத்திரையை மட்டும் நீட்டினால் போதுமா? தீராத நெருக்கடிக்கு மருந்துக் கடையில் என்ன கிடைக்கும்? நாள் முழுக்கக் குனிந்து நடவு நடுகிறவளுக்கு வருகிற இடுப்பு வலி, டிரம்மிலிருந்து ஈரத்தோல் இழுக்கிறவனுக்கு வருகிற தோள் வலி, இவையெல்லாம் மனசைத் தின்னுகிற வலிகள் என்று அந்த ஆய்வு நமக்குச் சொல்கிறது.

வயலில் வேலை செய்கிற தோழர்கள், "எங்களுக்கு ஏது ஓவர்டைம், ஏது கடிகாரம்?" என்று கேட்கலாம். உங்கள் வியாதி வேறு விதம். வேலை இருக்கிற நாளில் இடுப்பு ஒடியும். இல்லாத நாளில் கடன்காரன் முகம் கண்ணில் நிற்கும். பாலாற்றங்கரையில் கிணறு கெட்டுப்போய், நிலம் உப்பாகிப்போய், அந்தக் குடும்பங்களின் பெண்கள் கம்பெனி பஸ் ஏறியதை நாம் பார்த்தோம். தோல் கழிவால் வந்த அந்தக் கேட்டுக்கு எதிராக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு சொன்னது. நாசம் செய்தவனே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மண்ணுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கணக்குப் போட அதிகாரிகள் வந்தார்கள். மனசுக்கு ஏற்பட்டதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

எட்டு மணி நேர வேலை என்பது யாரும் தானமாகக் கொடுத்தது அல்ல. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுது, எட்டு மணி ஓய்வு என்று இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் 1817-இல் சொன்னார். சிகாகோ தொழிலாளர்கள் 1886-இல் அதற்காக ரத்தம் சிந்தினார்கள். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினார். நம் நாட்டு ஆலைச் சட்டத்தில் 1922-இல் வாரத்துக்கு 60 மணி, 1934-இல் 54 மணி, 1946-இல்தான் 48 மணி. அந்த 48 மணிக்கு வழி செய்தபோது வைஸ்ராய் சபையில் தொழிலாளர் இலாகாவைப் பார்த்தவர் டாக்டர் அம்பேத்கர். தோல் தொழிலில் இருக்கிற நம் மக்கள் இதை மறக்கக் கூடாது. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு வர இருபத்துநாலு வருஷம்!

இப்போது திருப்பிக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் பேச்சு வெளிவந்தது: 90 மணி, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. 2023 ஏப்ரல் 21-இல் நம் சட்டசபையிலேயே பன்னிரண்டு மணி வேலைக்கு வழி விடுகிற மசோதா நிறைவேறியது. எல்லாச் சங்கங்களும் எழுந்து நின்றதால் மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். 2025 நவம்பர் 21-இலிருந்து பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் வாரத்துக்கு 48 மணி என்றும், ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும், இரட்டைச் சம்பளம் என்றும் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை நடக்க வைப்பது எழுத்தால் ஆகாது.

90 மணி வேலை செய்தால் என்ன ஆகும்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் கணக்குச் சொல்லியிருக்கின்றன. வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைத்ததால், 2016 என்ற ஒரே வருஷத்தில் உலகம் முழுவதும் பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் இறந்தவர்கள் 7,45,000 பேர். 35 முதல் 40 மணி உழைக்கிறவரைவிட இவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதம் அதிகம்.

சில கம்பெனிகளில் இப்போது யோகா சொல்லிக் கொடுக்கிறார்களாம். மன அழுத்தம் குறைப்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டுகிறார்களாம். எப்போது? ஞாயிற்றுக்கிழமை! யோகாவின் மேல் நமக்கு விரோதம் இல்லை. மூச்சை இழுத்து விடுவது நல்லதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுத்தால் நாமே வீட்டில் மூச்சு விட்டுக்கொள்வோம்.

நம் தோழர் விஷயத்தில் பிறகு என்ன நடந்தது? அவர் சம்மதத்தோடு பிரச்னையைச் சங்கம் எடுத்தது. அவர் பேரைச் சொல்லவில்லை, பொதுக் கோரிக்கையாக வைத்தோம். எங்கள் கோரிக்கை ஓவர்டைம் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது. கிடைத்தது அவ்வளவு இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து, "இன்றைக்கு எட்டு வரைக்கும்" என்று சொல்வதை நிறுத்தி, மத்தியானத்துக்குள் பேர்ப் பட்டியலைப் போர்டில் ஒட்ட ஒத்துக்கொண்டார்கள். முடியாதவர் பேரை அடித்துக்கொள்ளலாம். சின்ன விஷயம் என்று எங்களுக்கே தோன்றியது. ஆனால் பெண்கள் எங்களைத் தேடி வந்து நன்றி சொன்னார்கள். மத்தியானமே தெரிந்தால் வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யலாம். நம் தோழர் செவ்வாயும் வெள்ளியும் பேரை அடிக்கிறார். சிகிச்சையை ஏழெட்டு மாதத்தில் முடித்தார். முழுக்கப் பழையபடி ஆகிவிட்டார் என்று சொல்ல மாட்டோம். தூங்குகிறார். மகன் எட்டாம் வகுப்பு என்று கேட்காமலே சொல்கிறார்.

இனி உங்களுக்குப் பயன்படுகிற சில விவரங்கள். சம்பளத்தில் முக்கால் சதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், முதலாளி மூணேகால் சதம் கட்டுகிறார். அந்தப் பணத்தில் மனநோய்க்கும் வைத்தியம் உண்டு. ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்து, டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால், வருஷத்தில் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதம் கிடைக்கும். நீண்டநாள் வியாதிகளுக்கென்று உள்ள பட்டியலில் கடுமையான மனநோயும் இருக்கிறது. இவ்வளவு நாளாக இதைக் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் மட்டும்தான் என்று நினைத்தோம். ஆனால் இது நாள் முழுக்கப் படுத்திருக்கிறவருக்கான ஏற்பாடு. வாரம் அரை நாள் கவுன்சலிங்குக்குப் போய்வருகிறவருக்குச் சரிப்படுவதில்லை. கூடப் போகிற மனைவிக்கோ புருஷனுக்கோ இதில் ஒன்றும் இல்லை. ஆகவே சிகிச்சைக்குச் சம்பளத்தோடு அரை நாள், கூடப் போகிறவருக்கும் அதே அரை நாள், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வாரம் ஒரு நாளாவது மனநல ஆலோசகர், அதுவும் ஷிப்ட் முடிகிற சாயங்கால நேரத்தில். இது நம் கோரிக்கைப் பட்டியலில் பஞ்சப்படிக்கு அடுத்த வரியில் ஏற வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைக்கிற பெண்களுக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை, ஷிப்டும் இல்லை. ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாய்கூட வருவதில்லை என்று 2016-இல் வந்த ஆய்வு சொன்னது. அவர்கள் தாளில் வேலைக் கட்டமும் வீட்டுக் கட்டமும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். கையில் ஊசி, மடியில் குழந்தை, அடுப்பில் உலை. அவர்களை எந்தச் சங்கமும் இதுவரை ஒழுங்காகச் சேர்க்கவில்லை, நம்முடையதும் சேர்த்துத்தான்.

பணம் இல்லையே என்பவர்களுக்கு: 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சை பெறுவது நம் உரிமை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். சர்க்கார் 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம், காசு கிடையாது. உயிரை விட முயன்றவர் மேல் போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள். அந்தச் சட்டமே அவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகத்தான் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

சங்கம் தன் பங்குக்கு ஒரு காரியம் ஆரம்பிக்கிறது. கிளைக்கு இரண்டு பேர், ஓர் ஆண், ஒரு பெண், கேட்பதற்கென்று. வைத்தியம் செய்வதற்கு இல்லை. காது கொடுத்துக் கேட்பது, தனியாக விடாமல் இருப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது. கேட்டதை வெளியே சொல்லாத வாய் உள்ளவர்கள்தான் வேண்டும். அதனால் நமக்குள் நன்றாகப் பேசுகிறவர்கள் சிலருக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. அவர்கள் மேடைக்குப் போதும். நம் டிரம் தோழர் தானாகவே பேர் கொடுத்திருக்கிறார்.

இப்போது தோழர்கள் ஒரு தாள் கொண்டுவருகிறார்கள். இருபத்துநாலு கட்டம் போட்டிருக்கிறது. பேர் எழுத வேண்டாம், கம்பெனி எழுத வேண்டாம். நேற்றைய நாளை நிரப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கும் தெரியட்டும். ஆண்கள் வீட்டுக்கு இன்னொரு தாள் எடுத்துப்போய் மனைவியிடம் கொடுங்கள். நீங்கள் நிரப்பாதீர்கள், அவர்களே நிரப்பட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆபீஸ் திறந்திருக்கும். பெஞ்சு அங்கேயேதான் கிடக்கிறது. இன்னொன்றும் வாங்கிப் போட்டிருக்கிறோம். தாளை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு, உட்கார வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் உட்காரலாம்.